பதில் வராத கோரிக்கை

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. இந்தியா முழுக்க, கைப்பேசியில் பணம் செலுத்தும் யுபிஐ முறை தடுமாறியது. பெட்ரோல் பங்க், மளிகைக் கடை, மருந்துக் கடை என்று எங்கும் கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சில வாரங்களுக்குள் இப்படி நடப்பது அது முதல் முறை இல்லை. யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ ஆராய்ந்து பார்த்தபோது ஒரு காரணம் தெரிந்தது. சில வங்கிகளின் கணினிகள் ஒரே கேள்வியை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தன: 'இந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?' புதிய பரிவர்த்தனைகளைப் பற்றி மட்டுமின்றிப் பழையவற்றைப் பற்றியும் கேட்டன.

கேட்ட கணினிகளில் பழுது ஒன்றும் இல்லை. பதில் வராவிட்டால் மறுபடி கேள் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள், அவை கேட்டன. ஒரு வங்கியின் நிரல் மட்டும் அப்படிக் கேட்டால் பெரிய சேதம் வராது. நெருக்கடி நேரத்தில் பல நிரல்கள் சேர்ந்து கேட்டால், பணத்தைக் கொண்டுசேர்க்க வேண்டிய மையக் கணினி 'முடிந்ததா, முடிந்ததா' என்ற விசாரணைகளுக்குப் பதில் சொல்லியே களைத்துப் போகும். தொலைவில் இருக்கும் ஒரு சர்வரிடம் கேள்வி கேட்பது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அண்மைக் காலத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

யுபிஐ-யின் உள்ளே வங்கிகளுக்கும் மையத்துக்கும் இடையே ஓடுபவை எச்டிடிபி என்ற நெறிமுறையின் கோரிக்கைகள். உலாவியில் ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும்போது ஓடுவதும் அதே எச்டிடிபி. இன்றைய வலைச் செயலி எதுவும் தனியாக நிற்பதில்லை. பேருந்துச் சீட்டு விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊரையும் தேதியையும் கொடுத்துப் பொத்தானை அழுத்தியதும், அந்தத் தளத்தின் சர்வர் பேருந்து நிறுவனங்களின் சர்வர்களிடம் காலி இருக்கைகளைக் கேட்கிறது. பணம் கட்டும்போது ஒரு கட்டண நிறுவனத்தைக் கேட்கிறது. குறுஞ்செய்தி அனுப்ப இன்னொரு நிறுவனம், வரைபடம் காட்ட வேறொன்று. கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம். அதன் பின்னால் ஏழெட்டுப் பேரிடம் கேட்டுவாங்கிய பதில்கள் இருக்கின்றன. அந்தப் பின்னால் நடக்கும் பேச்சைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்.

எச்டிடிபி பிறந்தபோது அது மிக எளிமையாக இருந்தது. ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய முதல் வடிவத்தில் ஒரு கோரிக்கை என்பது ஒரே ஒரு வரி. 'கெட்' என்ற சொல், ஓர் இடைவெளி, வேண்டிய பக்கத்தின் பாதை. சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். தவறு நேர்ந்தால் அதையும் ஒரு பக்கமாகவே எழுதி அனுப்பும். படிப்பவர் மனிதர் என்பதால் அது போதுமானதாக இருந்தது. 'மன்னிக்கவும், பக்கம் கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தால் மனிதருக்குப் புரியும்.

படிப்பவர் இடத்தில் ஒரு நிரல் வந்து உட்கார்ந்தால் அது போதாது. 1996-இல் ஆவணமாக வெளிவந்த 1.0 பதிப்பில் ஒவ்வொரு பதிலுக்கும் மூன்று இலக்க எண் ஒன்று உண்டு. 2-இல் தொடங்கினால் காரியம் ஆயிற்று. 3 என்றால் வேறிடம் போ. 4 என்றால் கேட்டவர் பக்கம் கோளாறு, 5 என்றால் சர்வர் பக்கம் கோளாறு. எல்லோருக்கும் தெரிந்த 404 நான்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த எண்கள் மனிதரின் வசதிக்கு என்பதைவிட நிரலின் வசதிக்கு என்றே சொல்ல வேண்டும். அடுத்து என்ன செய்வது என்று நிரல் முடிவெடுக்க அவைதான் ஆதாரம். நான்கா ஐந்தா என்ற வேறுபாடு பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

நிரல்கள் கேட்கத் தொடங்கிய கதைக்கு வருவோம். சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1990-களில் ஓர் அரட்டை அறைக்காக, நாணய மாற்று விகிதங்களைச் சொல்லும் தானியங்கி நிரல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். விகிதங்கள் ஒரு வலைப்பக்கத்தில் இருந்தன. அதைப் போய் எடுத்துவர ஒரு சிறு கருவி தேவைப்பட்டது. பிரேசிலைச் சேர்ந்த ஒருவர் எழுதி வெளியிட்டிருந்த சின்ன நிரலை எடுத்து விரிவாக்கினார். 1998-இல் அது 'கர்ல்' என்ற பெயர் பெற்றது. இன்று கார், தொலைக்காட்சி, கைப்பேசி, வங்கி சர்வர் என்று எங்கெங்கோ அது ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு, 1999-இல், மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவி, பக்கத்தைப் புதுப்பிக்காமலேயே உள்ளிருந்து சர்வரைக் கேட்கும் வசதியைத் தந்தது. வலைவழி மின்னஞ்சலுக்காகச் செய்யப்பட்ட அந்த வசதியை ஜிமெயிலும் கூகுள் மேப்ஸும் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் உலகம் அதன் பலத்தை உணர்ந்தது. அதற்குப் பிறகு கேட்பவர்களில் பெரும்பாலோர் நிரல்கள்தாம்.

இன்றைக்கு எந்த மொழியில் எழுதினாலும் தொலைசர்வரிடம் கேட்பது ஒரு வரிதான். முகவரியைக் கொடு, பதிலை வாங்கு. முந்தைய வரியில் இரண்டு எண்களைக் கூட்டியிருப்பீர்கள். அடுத்த வரியில் உலகின் மறுபக்கத்தில் இருக்கும் கணினியைக் கேட்கிறீர்கள். திரையில் இரண்டும் ஒரே நீளம். இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததில்லை. செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்தில் ஆண்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட கட்டுரை, தொலைவில் உள்ள கணினியின் வேலையை உள்ளூர் வேலை போலவே அழைக்கும் முறையை விவரித்தது. நிரலாளரின் சுமையைக் குறைப்பது அவர்கள் நோக்கம். அது நல்ல நோக்கம், வெற்றியும் பெற்றது.

பத்தாண்டு கழித்து, 1994-இல், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வகத்தின் ஜிம் வால்டோவும் சக ஆய்வாளர்களும் அதற்கு மறுப்பு எழுதினார்கள். உள்ளூர் அழைப்பையும் தொலை அழைப்பையும் ஒன்றுபோல நடத்துவது அடிப்படையிலேயே தவறு என்பது அவர்கள் வாதம். தொலை அழைப்பில் தாமதம் பல மடங்கு. அதைவிட முக்கியம், அங்கே பாதி மட்டும் கெட்டுப்போகும் நிலை உண்டு. உங்கள் கணினி நன்றாக இருக்கும், மறுமுனை செத்திருக்கும். அல்லது இரண்டும் நன்றாக இருந்து நடுவழி மட்டும் அறுந்திருக்கும். ஒரே கணினிக்குள் இப்படி ஒரு நிலை வருவதில்லை. நான் வால்டோவின் கட்சி. இந்த அத்தியாயத்தில் வரும் விபத்துகள் எல்லாம், இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிய ஏதோ ஒரு வரியில் தொடங்குகின்றன.

முதலில் தாமதத்தைக் கணக்குப் போடுவோம். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து, உலகின் மிகப் பெரிய தரவு மையக் கூட்டங்களில் ஒன்று இருக்கும் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போக 70 மில்லிவிநாடி, வர 70. கடலடி வடங்கள் நேர்கோட்டில் போவதில்லை. நடுவே கருவிகளும் உண்டு. ஆகவே நடைமுறையில் போய்வர 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிவிடும். இதில் ஒளி இழைக்குள் பயணிக்கும் 140 மில்லிவிநாடியை எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாது. இயற்கை வைத்த எல்லை அது.

ஒரு கோரிக்கைக்கு ஒரு முறை போய்வந்தால் போதாது என்பதுதான் பலர் கவனிக்காத செய்தி. முதலில் பெயரை எண் முகவரியாக மாற்ற வேண்டும். பிறகு இணைப்புக்கு ஒரு சுற்று. மறைகுறியாக்கச் சாவிகளை ஒத்துக்கொள்ள, 2018-இல் வந்த புதிய முறையில் ஒரு சுற்று, பழைய முறையில் இரண்டு. அதன் பிறகே கேள்வியும் பதிலும். மூன்று சுற்று என்று வைத்தாலும் 600 மில்லிவிநாடி. சர்வர் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. மும்பையில் இருக்கும் சர்வரைக் கேட்டால் இந்தச் சுமையில் ஒரு சிறு பங்குதான் இருக்கும்.

திறந்த இணைப்பை மூடாமல் வைத்து அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்துவது இதற்கு முதல் மருந்து. 1997-இல் வந்த 1.1 பதிப்பு அதையே இயல்பான முறை ஆக்கியது. 2022-இல் வரையறுக்கப்பட்ட மூன்றாம் பதிப்பு இணைப்பையும் சாவிப் பரிமாற்றத்தையும் ஒரே சுற்றில் முடிக்கிறது. ஆனால் எந்தப் பதிப்பும் காப்பாற்ற முடியாத பிழை ஒன்று உண்டு. 20 பொருள்களின் விலை வேண்டும் என்று சுழற்சிக்குள் ஒவ்வொன்றாக 20 முறை கேட்பது. சுற்றுக்கு 200 மில்லிவிநாடி என்றால் 4 விநாடி. அலுவலகத்தில், பக்கத்து அறைச் சர்வரை வைத்துச் சோதிக்கும்போது இது கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். வெளியூர்ச் சர்வருக்கு மாற்றிய அன்று வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள். இருபதையும் ஒரே கோரிக்கையில் கேட்க வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.

தாமதம் தொல்லைதான், மௌனம் அதைவிடப் பெரிய தொல்லை. பதிவுத் தபால் அனுப்பிப் பழகியவர்களுக்கு இது புரியும். ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை என்றால் கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம். கடிதம் சேர்ந்து, அட்டை மட்டும் தொலைந்திருக்கலாம். அட்டை இன்னும் வந்துகொண்டே இருக்கலாம். அனுப்பியவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். கோரிக்கைக்குப் பதில் வராதபோதும் நிலைமை இதுவே. 'வெற்றி', 'தோல்வி' என்று இரண்டு கிளைகள் மட்டும் வைத்து எழுதிய நிரலில் இந்த மூன்றாவது நிலைக்கு இடமில்லை. 'பதில் வரவில்லை' என்பதைத் 'தோல்வி' என்று எழுதிவிட்டுப் பணத்தை மறுபடி பிடித்தால், வாடிக்கையாளரின் கணக்கில் இரண்டு முறை கை வைத்தவர்கள் ஆவோம்.

எச்டிடிபி-யை வகுத்தவர்கள் இதை முன்பே யோசித்திருந்தார்கள். கோரிக்கைகளுக்கு வகை உண்டு. ஒரு பக்கத்தைக் கொடு என்று கேட்கும் 'கெட்' கோரிக்கையை எத்தனை முறை அனுப்பினாலும் மறுமுனையில் எதுவும் மாறக் கூடாது. 'இந்தக் கோப்பை இப்படி வை', 'இதை நீக்கு' என்னும் வகைகளை இரண்டு முறை அனுப்பினாலும் ஒரு முறை அனுப்பியதன் விளைவே இருக்க வேண்டும். நீக்கியதை மறுபடி நீக்கினால் நீங்கியதாகவே இருக்கும். 'போஸ்ட்' வகைக்கு அந்த உறுதி கிடையாது. 'புதிய ஆணை ஒன்றைப் பதிவு செய்' என்று இரண்டு முறை சொன்னால் இரண்டு ஆணைகள் பதிவாகும். ஆகவே பதில் வராதபோது முதல் மூன்றையும் தயங்காமல் திரும்ப அனுப்பலாம். நான்காவதை அப்படி அனுப்பக் கூடாது.

பணம் கட்டுவது நான்காம் வகை. அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். கேட்பவரே ஒவ்வொரு செயலுக்கும் தனித்த அடையாள எண் ஒன்றை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புவார். மறுமுயற்சியிலும் அதே எண். அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் சர்வர் வேலையைத் திரும்பச் செய்யாமல் பழைய விடையையே தரும். யுபிஐ பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனி எண் உண்டு. அங்கே 'பெற்றுக்கொண்டேன்' என்ற ஒப்புகை உடனே வரும். உண்மையான முடிவு பின்னால் தனிச் செய்தியாக வரும். முடிவு வராவிட்டால் எண்ணைக் குறிப்பிட்டு நிலையை விசாரிக்கலாம். மிகத் தெளிவான வடிவமைப்பு. அந்த விசாரிப்பைத்தான் சில வங்கிகளின் நிரல்கள் அளவின்றிச் செய்தன.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? நிரலாளர்கள் 'டைம்அவுட்' என்று சொல்லும் இந்தக் கேள்விக்குப் பல கருவிகள் தரும் இயல்பான விடை அதிர்ச்சி தரும். பைத்தானில் பரவலாகப் புழங்கும் 'ரெக்வெஸ்ட்ஸ்' நூலகத்தில் நீங்களாகச் சொல்லாவிட்டால் காத்திருப்புக்கு வரம்பே இல்லை. கோ மொழியின் இயல்பான எச்டிடிபி கருவியிலும் இல்லை. கர்ல் நூலகத்தில் மொத்த நேரத்துக்கு வரம்பு இல்லை. பிஎச்பி 60 விநாடி தருகிறது. இவற்றோடு ஒப்பிட்டால் வேர்ட்பிரஸ் வைத்திருக்கும் 5 விநாடி எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பதில் தாமதமானால் ஒரு சின்னப் பெட்டி காலியாக இருக்கும், பக்கம் வந்துவிடும்.

வரம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? உங்கள் செயலி ஒரே நேரத்தில் 50 பேரைக் கவனிக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்காகவும் அது வானிலை தரும் ஒரு சர்வரைக் கேட்கிறது, பதில் 0.2 விநாடியில் வருகிறது. விநாடிக்கு 250 பேரைக் கவனிக்கலாம். ஒருநாள் அந்தச் சர்வர் நோய்வாய்ப்பட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் 30 விநாடி எடுத்துக்கொள்கிறது. இப்போது உங்களால் விநாடிக்கு இரண்டு பேரைக்கூடக் கவனிக்க முடியாது. வானிலைக்கும் உங்கள் வியாபாரத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் முழுத் தளமும் நின்றுவிடும். அந்தச் சர்வர் நிரல் முற்றிலும் நின்றுபோயிருந்தால் பெரும்பாலும் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற விடை உடனே வந்து பிழைத்திருப்பீர்கள். மெதுவாக இருக்கும் சர்வர் செத்த சர்வரைவிட ஆபத்தானது.

வரம்பு வைக்கும்போது வெளியிலிருந்து உள்நோக்கிக் கணக்கிட வேண்டும். திரை முன் இருப்பவர் 8 விநாடிக்கு மேல் பொறுக்க மாட்டார் என்றால், உங்கள் செயலி உள்ளே கேட்கும் கோரிக்கைகள் எல்லாம் சேர்ந்து அதற்குள் முடிய வேண்டும். உள்வரம்பு வெளிவரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வெளியே 5, உள்ளே 30 என்று வைத்தால், கேட்டவர் கைவிட்டுப் போன பிறகும் யாருக்காகவோ 25 விநாடி உழைத்துக்கொண்டிருப்பீர்கள். தொடர்ந்து தோற்கும் சர்வரைச் சிறிது காலத்துக்குக் கேட்காமலே விட்டுவிடும் முறையும் உண்டு. மைக்கேல் நைகார்ட் 2007-இல் வெளியிட்ட தம் நூலில் அதை விளக்கிப் பரவலாக்கினார். மின்சுற்றை முறிக்கும் கருவியின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

காத்திருப்பு முடிந்து மறுமுயற்சி என்று வரும்போது கதை வேறு. இங்கே நாம் தனி ஆள் இல்லை. ஒரே நேரத்தில் தோற்ற ஆயிரம் பேரும் ஒரே இடைவெளி விட்டு மறுபடி கேட்டால், ஆயிரமும் மீண்டும் ஒரே கணத்தில் போய் மோதும். இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் ஹவாய்த் தீவுகளில் இருந்தார்கள். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் 1971-இல் இயங்கத் தொடங்கிய அலோகா வலையமைப்பில் தீவுகளின் கணினி முனையங்கள் ஒரே வானொலி அலைவரிசையில் பேசின. இரண்டு செய்திகள் மோதினால் இரண்டும் பாழ். தீர்வு, ஒவ்வொருவரும் தற்போக்கான நேரம் காத்திருந்து அனுப்புவது. அதை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், செராக்ஸ் ஆய்வகத்தில் டேவிட் பாக்ஸுடன் ஈதர்நெட்டை உருவாக்கியபோது இன்னொன்றையும் சேர்த்தார். ஒவ்வொரு மோதலுக்கும் காத்திருப்பின் எல்லை இரட்டிப்பாகும். முதலில் 1 விநாடிக்குள் என்றால் பிறகு 2, 4, 8. வலைக் கோரிக்கைகளுக்கும் இன்றுவரை இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதை இணையம் 1986 அக்டோபரில் பார்த்தது. கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடைத்தொலைவு 400 கஜம். அவற்றுக்கிடையே தரவு ஓடும் வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. 800-இல் ஒரு பங்கு. கணினிகள் தாமதத்தை இழப்பு என்று எண்ணி, வந்துகொண்டிருந்த தரவுப் பொட்டலங்களையே மறுபடி அனுப்பின, நெரிசல் கூடியது, தாமதம் கூடியது, இன்னும் அதிகமாக அனுப்பின. வேன் ஜேக்கப்சன், மைக் கரெல்ஸுடன் இணைந்து இதற்கு மருந்து கண்டார். 1988-இல் வெளியான அந்த ஆய்வுக்கட்டுரையின் கருத்து எளிது: பொட்டலம் தொலைந்தால் நெரிசல் என்று கொண்டு, அனுப்பும் வேகத்தை நீ குறை. யாரும் கட்டளையிடாமல் ஒவ்வொரு கணினியும் தானாகவே அடங்கியது. இன்று நம் இணையம் நிற்கிறது என்றால் இந்த அடக்கத்தின்மேல்தான் நிற்கிறது.

கீழ்த்தளத்தில் ஜேக்கப்சன் செய்துகொடுத்ததை மேல்தளத்தில் நாம் எழுதும் நிரல்கள் குலைத்துவிடலாம். ஒரு சர்வர் இன்னொன்றைக் கேட்க, அது மூன்றாவதைக் கேட்க, அது தரவுத்தளத்தைக் கேட்கிறது. மூவரும் தோற்றால் மும்மூன்று முறை முயல்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு பயனரின் ஒரு சொடுக்கு அடியில் இருக்கும் தரவுத்தளத்துக்கு 27 கேள்விகளாகப் போய்ச் சேரும். அது திணறும் நேரம் பார்த்து. மறுமுயற்சி ஏதாவது ஓர் அடுக்கில் மட்டும் இருக்க வேண்டும். 4-இல் தொடங்கும் எண் வந்தால் மறுபடி கேட்பதில் பெரும்பாலும் பொருளில்லை. கேட்டது தவறு என்று சொல்லிவிட்டார்கள். 429 முக்கியமான விதிவிலக்கு. அதிகமாகக் கேட்கிறாய் என்று பொருள். எப்போது திரும்ப வரலாம் என்பதையும் சர்வர் அதோடு சொல்ல முடியும், சொன்னால் கேளுங்கள். 503-க்கும் அப்படியே. யுபிஐ தடுமாறிய பிறகு என்பிசிஐ 2025 ஏப்ரலில் வலியுறுத்திய விதியும் இந்த அறிவின்படியே அமைந்தது: நிலையை விசாரிக்கும் முதல் கேள்வி 90 விநாடி கழித்து, இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கூடாது என்று அப்போது சொன்னது.

மறுமுனையின் சுமையைப் பற்றிப் பேசும்போது டபிள்யூ3சி-யின் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வலையின் தரங்களை வகுக்கும் அந்த அமைப்பு, 2008 பிப்ரவரியில் தன் சர்வர்கள் படும் பாட்டை வெளியிட்டது. வலைப்பக்கங்களின் தொடக்கத்தில், இந்தப் பக்கம் எந்த இலக்கணப்படி எழுதப்பட்டது என்று குறிக்கும் வரி ஒன்று இருக்கும். அன்று அதில் டபிள்யூ3சி-யின் முகவரி ஒன்று இடம்பெற்றது. அடையாளத்துக்காக எழுதப்பட்ட முகவரி அது. உலாவிகள் அங்கே போவதில்லை. ஆனால் பல மொழிகளின் நூலகங்கள் அந்த முகவரியைக் கண்டதும் கோப்பை எடுத்துவரக் கிளம்பின. ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு முறை, அடுத்த பக்கத்துக்கு இன்னொரு முறை, அதே கோப்பு. ஒரு நாளில் 13 கோடிக் கோரிக்கைகள் வரை வந்தன. விநாடிக்கு 1,500. அந்தக் கோப்புகளோ ஆண்டுக்கணக்கில் மாறாதவை. நெடுநாள் சேமித்து வைத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பும் ஒவ்வொரு பதிலோடும் போனது. அதைப் படிக்க அந்த நிரல்களில் யாரும் எழுதி வைக்கவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதில் யாருக்கும் தீய எண்ணம் இல்லை என்பது. அந்த நிரல்களை எழுதியவர்களில் பலருக்கு, தங்கள் நிரல் வெளியே போய் எதையோ கேட்கிறது என்பதே தெரியாது. நூலகம் தானாகச் செய்தது. பல கோரிக்கைகளில் அனுப்புநர் பெயராக வெறும் மொழியின் பெயரும் பதிப்பு எண்ணும் மட்டுமே இருந்தன. யாரிடம் போய்ச் சொல்வது? அளவு மீறியவர்களுக்கு 503 அனுப்பினார்கள். பிறகு வேண்டுமென்றே மெதுவாகப் பதில் தரத் தொடங்கினார்கள். பொதுநலனுக்காக இலவசமாகத் திறந்து வைக்கப்பட்ட எல்லாச் சர்வர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் முகவரி தேடும் பொதுச் சேவை, விநாடிக்கு ஒரு கோரிக்கைக்கு மேல் அனுப்பாதீர்கள், உங்கள் செயலி எது என்று தெரியும்படி பெயர் போடுங்கள் என்கிறது. விக்கிப்பீடியாவை நடத்துபவர்கள் தொடர்பு முகவரியையும் சேர்க்கச் சொல்கிறார்கள். ஒரு வரி வேலை. கிடைத்த பதிலைச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை, 'என்னிடம் இன்ன பதிப்பு இருக்கிறது, மாறியிருந்தால் மட்டும் கொடு' என்று கேட்க எச்டிடிபி-யில் வழி உண்டு. மாறவில்லை என்றால் 304 என்ற எண்ணோடு மிகச் சிறிய விடை வரும், கோப்பு வராது.

இதுவரை பேசியது பதில் வராதபோது என்ன செய்வது என்பது. வந்த பதிலை எந்த அளவு நம்புவது என்பது தனிப் பாடம். 2020 மே 6-ஆம் தேதி ஐபோன்களில் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரஸ்ட், டிக்டாக் உள்ளிட்ட பல செயலிகள் திறந்ததும் மூடிக்கொண்டன. அவற்றுக்குள் ஒரு பொது அம்சம் இருந்தது. ஃபேஸ்புக் வழியாக உள்நுழையும் வசதிக்கான நூலகத்தை எல்லாச் செயலிகளும் சேர்த்திருந்தன. அந்த நூலகம், செயலி திறந்ததும் ஃபேஸ்புக்கின் சர்வரிடம் சில அமைப்புகளைக் கேட்கும். அன்று அந்தப் பதிலின் வடிவம் மாறியிருந்தது. எதிர்பாராத வடிவத்தைக் கண்ட நூலகம் செயலியையே வீழ்த்தியது. ஃபேஸ்புக் வழியாக உள்நுழையாதவர்களுக்கும் இதே கதிதான். ஜூலை 10-ஆம் தேதி இதுபோலவே மறுபடியும் நடந்தது. 200 என்ற எண் வந்துவிட்டது என்பதால் உள்ளே இருப்பது சரி என்று ஆகாது. எந்தப் புலம் இல்லாமல் போகலாம், எது எண்ணுக்குப் பதில் எழுத்தாக வரலாம் என்று பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும்.

கடைசியாக, இந்த எல்லாவற்றையும்விடக் கொடியது ஒன்று: யாரைக் கேட்பது என்பதை வெளியாள் தீர்மானிக்கும் நிலை. பயனர் ஒரு படத்தின் முகவரியைத் தருகிறார். உங்கள் சர்வர் போய் அதை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைக்கிறது. இணைப்புக்கு முன்னோட்டம் காட்டும் வசதியும் இதே வகை. பயனுள்ள வசதிகள்தாம். ஆனால் பயனர் தரும் முகவரி உங்கள் நிறுவனத்தின் உள்வலையில் இருக்கும் கணினியின் முகவரியாக இருந்தால்? வெளியே நிற்பவரால் அங்கே போக முடியாது. உங்கள் சர்வர் உள்ளே இருப்பதால் அதனால் முடியும். அவருக்காக அதுவே போய் எடுத்துவந்து கொடுக்கும்.

அமேசான் மேகத்தில் ஓடும் கணினி தன்னைப் பற்றிய விவரங்களை 169.254.169.254 என்ற எண் முகவரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்த விவரங்களில் தற்காலிகச் சாவிகளும் அடக்கம். கேபிடல் ஒன் என்ற அமெரிக்க வங்கியில் 2019 மார்ச்சில் ஊடுருவியவர் செய்தது இதுதான். தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு பாதுகாப்புச் சர்வரை ஏமாற்றி, இந்த முகவரிக்குக் கோரிக்கை அனுப்ப வைத்தார். சாவி கிடைத்தது. அதைக்கொண்டு அமெரிக்காவில் சுமார் 10 கோடி, கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்களை எடுத்தார். ஜூலையில் செய்தி வெளியானது. அந்த ஆண்டு நவம்பரில் அமேசான் இந்த முகவரிக்குக் கூடுதல் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வலைப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்துப் பெரும் ஆபத்துகளின் பட்டியலில் இந்த வகைத் தாக்குதலுக்குத் தனி இடம் தந்தது.

நீங்கள் எழுதிய செயலி எதிலாவது, பயனர் தந்த முகவரிக்குச் சர்வரே போய்க் கேட்கும் வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் முடிந்தவரை அனுமதித்த தளங்களின் பட்டியலுக்குள் அதை அடக்குங்கள். முடியாவிட்டால், பெயரை எண் முகவரியாக மாற்றிய பிறகு அது உள்வலை எண்ணா என்று சோதியுங்கள். சோதித்த அதே எண்ணுக்கே இணையுங்கள். வேறிடம் போ என்று பதில் வந்தால் புதிய முகவரியையும் சோதியுங்கள். டைம்அவுட் வைக்காத வரிகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒன்றை இன்றே திருத்துங்கள்.